பூஞ்சணம் பிடித்த ஹீலியோஸும் மூன்று பெட்டிகளும்

பொங்கலுக்கு மறுநாள் பெட்டியைத் திறந்து லென்ஸ்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். அறையை இருட்டாக்கிவிட்டு, பின்பக்கத்திலிருந்து டோர்ச் அடித்து, முன்பக்கத்தால் சாய்வாகப் பார்த்தேன். ஆறு லென்ஸ்கள். ஆறிலும் புதிதாகப் பூஞ்சணம் ஒன்றும் இல்லை. 2024 மாரி முழுவதும் திருகோணமலையில், கடலிலிருந்து நூற்றைம்பது மீற்றர் தள்ளியுள்ள ஒரு வீட்டில் இருந்த லென்ஸ்கள் இவை. அதற்கு முந்திய மாரியில் இதே வீட்டில் இரண்டைப் பூஞ்சணத்துக்குப் பறிகொடுத்தேன். இடையில் செய்த பிழைகளையும் செலவையும் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு டச்பே பக்கம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் துணி அரை மணித்தியாலத்தில் காயும், உதடு வெடிக்கும். ஐப்பசி பிறந்து வாடை திரும்பினால் எல்லாம் தலைகீழ். உப்புச் சாடியில் தண்ணீர் கட்டும், சுவர் நாட்காட்டி அலை அலையாக நெளியும், அலுமாரிக்குள் தொங்கும் கோட்டில் பச்சை படியும். கல்யாணமும் கோவில் திருவிழாவும் எடுத்துப் பிழைக்கிற நான் இதையெல்லாம் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஆனாலும் என் லென்ஸ்களை அதே அலுமாரியில்தான் வைத்திருந்தேன்.

2023 ஆடியில் கல்யாணம் இல்லாததால் கை சும்மா இருந்தது. நகரத்தில் ஒரு பழைய ஸ்டூடியோ மூடப்பட்டபோது ஸெனிற் ஈ என்ற பழைய சோவியத் பிலிம் கமரா ஒன்றை 6,000 ரூபாவுக்கு வாங்கினேன். அதில் ஹீலியோஸ் 44-2, அதாவது 58 மில்லிமீற்றர், எப் 2 லென்ஸ் பூட்டியிருந்தது. எனக்கு வேண்டியது லென்ஸ்தான். அதன் எம்42 திருகுப் பூட்டை என் மிரர்லெஸ் டிஜிற்றல் கமராவில் மாட்டுகிற வளையம் 2,800 ரூபா. ஆவணி பிறந்ததும் கல்யாணங்கள் தொடங்கிவிட்டன. ஸெனிற்றை அதன் தடித்த தோல் உறையோடு அலுமாரியில், என் 85 மில்லிமீற்றர் லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மறந்துபோனேன்.

கார்த்திகை விளக்கீட்டுக்குச் சில நாட்களின் முன்னர் உறையைத் திறந்தேன். முதலில் வந்தது மணம். மழையில் நனைந்த செருப்பை மூலையில் போட்டுவிட்டால் வருமே, அந்த மணம். டோர்ச் அடித்துப் பார்த்தால் முன்வில்லையின் உட்பக்கம், திருகிய பிறகு மறந்துவிட்ட தேங்காய்ப் பாதியைப் போல, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நரை முளைத்திருந்தது. 85 இலும் ஒரு மூலையில் தொடக்கம் தெரிந்தது. ஒரு லென்ஸிலிருந்து மற்றதற்குத் தொற்றுகிறது என்று எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். பூஞ்சண வித்து காற்றில் எங்கும் இருக்கிறது, ஈரமும் இருட்டும் கிடைத்த இடத்தில் முளைக்கிறது. ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்த தோல் உறையும் காற்றுப் போகாத அலுமாரியும் சேர்ந்து இரண்டுக்கும் ஒரே படுக்கையை விரித்துக் கொடுத்திருந்தன.

85 ஐத் திறக்க எனக்குத் துணிவில்லை. உள்ளே மோட்டாரும் நாடாக் கம்பிகளும் இருக்கின்றன. கொழும்பில் ஓரிடத்துக்கு அனுப்பினேன். 16,500 ரூபா, ஏழு வாரம். பூஞ்சணம் போனது, பதிலுக்கு ஒரு தூசித் துகள் உள்ளே குடிவந்தது. படத்தில் தெரியாது என்றார்கள். தெரியவில்லைதான். ஆனால் எனக்குத் தெரியும் அது அங்கே இருக்கிறது என்று.

முதல் பெட்டி: செத்த குளிர்சாதனப் பெட்டி

ஹீலியோஸைத் திறக்க மார்கழிவரை நேரம் இல்லை. அதுவரை பூஞ்சணம் வளராமல் தடுக்க வேண்டும். பழைய குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு மின்குமிழ் எரியவிட்டால் உலர்பெட்டி ஆகிவிடும் என்று தொழிலில் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். குளிர்சாதனப் பெட்டி திருத்துகிற அண்ணையிடம் ஹோட்டல் அறைகளில் வைக்கிற சின்னப் பெட்டி ஒன்று செத்துக் கிடந்தது. 3,500 ரூபா கேட்டார்.

“தம்பி, இதில் குளிர் வராது, தெரியும்தானே?”

“குளிர் வேண்டாம் அண்ணை. சூடுதான் வேண்டும்.”

காசை எண்ணிவிட்டு, மறுபடியும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை முச்சக்கரவண்டியில் ஏற்ற உதவினார்.

15 வோட்ஸ் இழைக் குமிழ், பீங்கான் தாங்கி, வயர் எல்லாம் சேர்ந்து 900 ரூபா. குமிழைக் கீழே பூட்டி, மேலே கம்பித் தட்டில் லென்ஸ்களை அடுக்கினேன். 900 ரூபாவுக்கு வாங்கிய ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே வைத்தேன். அறையில் 82 காட்டிய அது, மறுநாள் காலை பெட்டிக்குள் 42 காட்டியது. லென்ஸுக்கு 40 முதல் 50 வரை நல்லது என்று படித்திருந்தேன். மகிழ்ச்சியில் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன்.

அதே படத்தில் ஈரப்பத எண்ணுக்குக் கீழே சின்னதாக இன்னொரு எண் இருந்தது. 39 பாகை. அதை நான் கவனிக்கவில்லை. குமிழ் ஒரு துளி ஈரத்தையும் வெளியேற்றவில்லை. காற்றைச் சூடாக்கியது, சூடான காற்றில் அதே ஈரம் குறைந்த சதவீதமாகத் தெரிந்தது. டிசம்பர் 9 மாலை நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. மெழுகுதிரி வெளிச்சத்தில் மூன்று மணித்தியாலம் கழித்துப் பார்த்தேன். ஈரப்பதமானி 74 காட்டியது. மின்சாரம் திரும்பும்வரை அது ஏறிக்கொண்டே இருந்தது.

குமிழ் செய்த பெரிய கேடு அதுவல்ல. அதை லென்ஸைத் திறந்தபோதுதான் கண்டேன்.

மார்கழியில் திறந்தது

மேசையில் வைத்திருந்தவை: கவராயம் ஒன்று, அதன் இரண்டு முனைகளையும் அரத்தால் தட்டையாக ராவி வைத்தது, மணிக்கூட்டுக்காரர் பாவிக்கும் சின்னத் திருப்புளிகள், பழைய மாத்திரைப் போத்தல், சைக்கிள் டியூப் துண்டு, ரப்பர் பந்து ஊதி, கையுறை, வெள்ளைத் துவாய். துவாய் முக்கியம். கறுப்பு மேசையில் விழுந்த கறுப்புத் திருகாணியை நான் ஒருமுறை இரண்டு நாள் தேடியிருக்கிறேன்.

லென்ஸின் முகத்தில் பெயர் எழுதிய வளையம் இருக்கிறது. அதில் சாவிக்கு வெட்டு இல்லை, உராய்வில்தான் சுழற்ற வேண்டும். மாத்திரைப் போத்தலின் அடி ஏறத்தாழ 45 மில்லிமீற்றர். அதில் டியூபை இழுத்துச் சுற்றி, வளையத்தில் அழுத்தி, இடப்பக்கம் திருகினேன். அசையவில்லை. திருகுப் பள்ளத்தில் ஐசோபுரொப்பைல் அல்ககோல் ஒரு சொட்டு விட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்து திருகியபோது ‘கிரீச்’ என்று விட்டுக்கொடுத்தது. அதற்கு உள்ளே முன்வில்லையைப் பிடித்திருக்கும் வளையம். இதில் எதிரெதிரே இரண்டு வெட்டுகள் உண்டு. கவராயத்தின் முனைகள் அங்கே பொருந்தின. முதல் தடவை ஒரு முனை வழுக்கி, வளையத்தின் கறுப்புப் பூச்சில் ஆறு மில்லிமீற்றர் நீளக் கீறல். கண்ணாடியில் படவில்லை. அதன் பிறகு கண்ணாடியின் மேல் வட்டமாக வெட்டிய கடதாசியை வைத்துவிட்டுத்தான் கவராயத்தைத் தொட்டேன்.

முன்வில்லையையும் அதன் பின்னால் இருந்த வில்லையையும் எடுத்ததும், ஒளி நுழையும் அளவைக் கூட்டிக் குறைக்கிற, எட்டுத் தகடுகள் கொண்ட துவாரத்தைப் பார்க்க முடிந்தது. தகடுகள் எண்ணெயில் மினுங்கின. வாங்கியபோது காய்ந்த கறுப்பாக இருந்தவை. குவியத் திருகில் இருந்த பழைய கிறீஸ், மூன்று வாரம் 39 பாகையில் கிடந்து, உருகி, தகடுகளுக்கு வழிந்திருந்தது. இந்த லென்ஸில் துவாரத்தைக் கையாலேயே மூடித் திறப்பதால் எண்ணெய் பட்டாலும் படம் எடுக்கலாம். ஆனால் அந்த எண்ணெய் ஆவியாகி உள்வில்லைகளில் படலமாகப் படியும். பூஞ்சணத்தைத் தடுக்கப் போய் மூடுபனியை ஏற்றிவிட்டிருந்தேன்.

தகடுகளைக் கழற்றவில்லை. அவற்றைத் திரும்ப அடுக்கப் பொறுமை வேண்டும், எனக்கு அது ஒரு லென்ஸுக்கு அவ்வளவு கிடையாது. லைட்டருக்கு ஊற்றும் பெற்றோலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, தகடுகளைத் துடைத்து, வளையத்தை மூடித் திறந்து, மறுபடியும் துடைத்தேன். நாற்பது தடவை இருக்கும். குச்சி வெள்ளையாகவே திரும்பி வந்தபோது நிறுத்தினேன்.

இனிக் கண்ணாடி. முதல் பிழை: வீட்டில் இருந்த சத்திரசிகிச்சை ஸ்பிரிட்டால் துடைத்தேன். பூஞ்சணம் போகவில்லை, மேலே வானவில் நிறத்தில் ஒரு கொழுப்புப் படிவு வேறு. போத்தலைத் திருப்பிப் படித்தேன். ஆமணக்கெண்ணெய் சேர்த்திருக்கிறது. தோல் வறண்டுபோகாமல் இருக்கச் சேர்ப்பார்களாம். தோலுக்கு நல்லது. அந்தக் கொழுப்பைப் போக்கப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டை வடித்த நீரில் கலந்து கழுவ வேண்டியதாயிற்று.

பிறகு பாமசியில் ஐதரசன் பரவொட்சைட்டு வாங்கினேன், 6 சதவீதம், 250 ரூபா. முன்வில்லை ஒற்றைக் கண்ணாடி என்பதால் தாராளமாக ஊறவிடலாம். பஞ்சை நனைத்து வில்லையின் மேல் பத்து நிமிடம் போர்த்தி வைத்தேன். எடுத்துத் துடைத்து, மறுபடியும் பத்து நிமிடம். இரண்டாவது முறை நரை பஞ்சோடு வந்துவிட்டது. கடைசியாக அல்ககோல், நடுவிலிருந்து விளிம்புக்குச் சுருளாக, ஒரு துண்டு லென்ஸ் கடதாசிக்கு ஒரு சுற்று மட்டும். அடுத்துள்ள வில்லை இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்தது. அதை ஊறவிடவே கூடாது, ஒட்டு விட்டுவிடும். அதை ஈரக் குச்சியால் மேலோட்டமாகத் துடைத்ததோடு சரி.

விளிம்பில் பூசியிருந்த கறுப்பு மை ஓரிடத்தில் கரைந்துவிட்டது. அந்த மை இல்லாவிட்டால் உள்ளே ஒளி தெறித்துப் படம் வெளிறும். அழியாத கறுப்புப் பேனாவால் பூசினேன், இதுவரை தாக்குப்பிடிக்கிறது.

டோர்ச்சில் பார்த்தால் விளிம்பருகே நான்கு மில்லிமீற்றர் நீளத்துக்குக் கிளை விட்ட தடம் ஒன்று இன்னும் தெரிகிறது. அது பூஞ்சணம் அல்ல, பூஞ்சணம் சுரந்த அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சைத் தின்ற வடு. எந்தத் திரவமும் அதை எடுக்காது. ஒரு மாதம் முந்தித் திறந்திருந்தால் அந்த வடு விழுந்திராது.

தலைகீழாகப் போட்டது

பூட்டி முடித்த மறுநாள் காலை ஆறு மணிக்குக் கோட்டைக்குள் போனேன். பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோவிலுக்கு ஏறுகிற வீதியில் ஆலமரங்களும் புள்ளிமான்களும் உண்டு. உள்ளே இராணுவ முகாமும் இருப்பதால் கமராவை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதில் கவனம் வேண்டும். மான்கள் ஆட்களுக்குப் பழகியவை, இரண்டு மீற்றரில் நின்று பார்க்கும். புதிதாகக் கழற்றிப் பூட்டிய லென்ஸைச் சோதிக்க அதைவிடப் பொறுமையான ஆள் கிடைக்காது.

கமரா முதலில் சுடவே மறுத்தது. பழைய லென்ஸில் மின் தொடுகைகள் இல்லாததால் லென்ஸே மாட்டப்படவில்லை என்று அது நினைத்துக்கொள்ளும். லென்ஸ் இல்லாவிட்டாலும் ஷட்டரை இயக்க அனுமதிக்கும் தெரிவு ஒன்று அமைப்புகளில் இருக்கிறது, அதைத் திறந்துவிட வேண்டும். குவியத்துக்கு, கூர்மையான விளிம்புகளை நிறத்தில் காட்டும் வசதி. துவாரம் முழுதும் திறந்து, எப் 2.

திரையைப் பெருப்பித்துப் பார்த்தபோது வயிறு கலங்கியது. மானின் கண் கூர்மை. காதுக்கு வந்தால் மென்மை. பின்னால் ஆலம் இலைகளின் இடைவெளியில் விழுந்த ஒளிப்பொட்டுகள் எல்லாம் நீண்டு வளைந்து, குளத்தில் கல் எறிந்தது போல மானைச் சுற்றிக் கொண்டிருந்தன. படத்தின் நான்கு மூலைகளும் கரைந்தே போயிருந்தன. இந்த லென்ஸ் பின்புலத்தைச் சுழற்றும் என்பது ஊரறிந்த செய்தி, அதற்காகவே வாங்கினேன். இது அந்தச் சுழற்சி அல்ல. எதையோ உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து மறுபடியும் திறந்தேன். முன்வில்லையின் அதிகம் குவிந்த பக்கம் உள்ளே பார்த்தபடி இருந்தது. துவாயில் வைத்திருந்த வில்லையை எடுக்கும்போது புரட்டிப் போட்டுவிட்டேன். வளையம் அப்படியும் இறுகியதால் கைக்குச் சந்தேகமே வரவில்லை.

தேடிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. உலகத்தில் பலர் இதே லென்ஸின் முன்வில்லையை வேண்டுமென்றே புரட்டிப் போடுகிறார்களாம், இந்தக் கரைந்த மூலைகளுக்காகவே. நான் நேராகப் போட்டு ஒரு வாரம் படம் எடுத்தேன். பிறகு அந்த மான் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். பிறகு திரும்பவும் புரட்டினேன்.

இப்போது அது கல்யாணத்துக்கு மறுநாள் எடுக்கும் தனிப்படங்களுக்கு மட்டும். கற்றுக்கொண்டவை சில. ஆளின் முகம் நடுவில்தான் இருக்க வேண்டும். படத்தை மூன்றாகப் பிரித்து ஆளைப் பக்கக் கோட்டில் நிறுத்தும் வழக்கப்படி ஓரத்தில் நிறுத்தினால் முகமே கரையும். பின்னால் வெறும் வானமோ சுவரோ இருந்தால் ஒன்றும் நடக்காது. சுழற்ற ஏதாவது வேண்டும், இலை இடைவெளியோ அலையில் தெறிக்கும் வெளிச்சமோ. ஆள் இரண்டு மீற்றரில், இலைகள் எட்டுப் பத்து மீற்றர் பின்னால் இருந்தால் எனக்குப் பிடித்த அளவில் சுழல்கிறது. துவாரத்தை எப் 4 க்கு மூடினால் வித்தை பாதி போய்விடும்.

அந்த நான்கு மில்லிமீற்றர் வடு சாதாரண வெளிச்சத்தில் படத்தில் தெரியவே இல்லை. சூரியன் சட்டத்தின் ஓரத்தில் இருந்தால் மட்டும் நிழல்கள் வெளிறுகின்றன. டச்பேயில் காலைச் சூரியன் கடலிலிருந்து நேரே முகத்துக்கு வரும், அங்கே மணமகளை எதிரொளியில் நிறுத்தும்போது அந்த வெளிறலுக்கு ஒரு பஞ்சு போன்ற தன்மை இருக்கிறது. விற்பனைக்கு வருகிற மென்மை வடிகட்டி வாங்க நினைத்திருந்தேன், வாங்கவில்லை. இதைப் பெருமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். குடும்பப் படத்துக்கு இந்த லென்ஸை எடுத்தால் ஓரத்தில் நிற்கும் சித்தப்பாமார் வந்து சண்டை பிடிப்பார்கள்.

இரண்டாவது பெட்டி: எரிந்துபோன தகடு

2024 மாசியில் குளிர்சாதனப் பெட்டியை விட மனம் வராமல், குமிழை அகற்றிவிட்டு பெல்ரியர் தகடு ஒன்றைப் பூட்டப் போனேன். மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் நாற்பது மில்லிமீற்றர் சதுரத் தகடு அது. குளிர்ந்த பக்கத்தில் ஈரம் தண்ணீராக ஒட்டும், அதைக் குழாயால் வெளியேற்றலாம். எந்தப் பக்கம் குளிரும் என்று பார்க்க, வெப்பம் கடத்தும் அலுமினியக் கட்டை இல்லாமல் வெறும் தகட்டுக்கு 12 வோல்ற்று கொடுத்தேன். சில செக்கன்களில் விரல் சுட்டது, ஒரு நிமிடத்தில் தகடு செத்தது. தகடு, மின்வழங்கி, விசிறி, கட்டை எல்லாம் 4,600 ரூபா. அத்தோடு அந்தப் பாதையை விட்டுவிட்டேன்.

மூன்றாவது பெட்டி: சாப்பாட்டுப் பெட்டியும் தராசும்

சுற்றிவர ரப்பர் வளையமும் நாலு பக்கமும் கொளுவிகளும் உள்ள 30 லீற்றர் பிளாஸ்டிக் பெட்டி, 3,200 ரூபா. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணி ஒரு கிலோ, 1,900 ரூபா. நீல மணிகளில் கோபால்ட் குளோரைட் என்ற நஞ்சு இருக்கிறது, குசினியில் வறுக்கப்போகிற எனக்கு அது சரிவராது. அதனால் ஈரம் ஏறினால் கரும்பச்சையாகும் செம்மஞ்சள் மணிகளை வாங்கினேன்.

ஈரப்பதமானியின் மேல் சந்தேகம் வந்ததும் இப்போதுதான். இரண்டாவதாக ஒன்று வாங்கினேன், அதுவும் 900. இரண்டும் இரண்டு விதமாகக் காட்டின. உப்புச் சோதனை செய்தேன். போத்தல் மூடி நிறையக் கறியுப்பு, அது கரைந்துபோகாமல் சேறாகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர். மூடியையும் மானிகளையும் ஒரே சிப் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் அடைத்து ஓர் இரவு வைக்க வேண்டும். அந்தப் பைக்குள் ஈரப்பதம் 75 இல் நிற்கும். காலையில் ஒன்று 74 காட்டியது. குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்த பழையது 69. ஆக, நான் படம் எடுத்து அனுப்பிய 42 உண்மையில் 48. பழையதன் மேல் ‘+6’ என்று ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிவிட்டேன். அதுதான் இன்றும் பெட்டிக்குள் இருக்கிறது.

ஒரு கிலோ மணியையும் இரண்டு துணிப்பைகளில் கட்டி உள்ளே வைத்தேன். மறுநாள், திருத்திய கணக்கில், 18. இவ்வளவு வறட்சியும் கெடுதல். ரப்பர் பிடிகள் காய்ந்து விரியும், மசகு இறுகும். மணி அதிகமாகிவிட்டது என்று நினைத்து 250 கிராமாகக் குறைத்தேன். மறுநாள் 20. அரை நாள் யோசித்தும் புரியவில்லை. பெட்டிக் காற்றில் மொத்தமாக இருப்பது ஒரு கிராம் நீர்கூட இல்லை என்று கணக்குப் போட்ட பிறகுதான் விளங்கியது. நன்றாகக் காய்ந்த மணி எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதைக் குடித்துவிடும். மணியின் அளவைக் குறைத்துப் பயனில்லை, மணி ஏற்கனவே எவ்வளவு குடித்திருக்கிறது என்பதில்தான் பெட்டியின் ஈரப்பதம் நிற்கிறது.

அதிலிருந்து குசினித் தராசு என் கமராக் கருவிகளில் ஒன்றாகிவிட்டது. முற்றாகக் காய்ந்தபோது 250 கிராமாக இருந்த மணியைப் பெட்டியில் விட்டு, வாரம் ஒருமுறை நிறுத்தேன். 298 கிராமில் பெட்டி 41 காட்டியது. 308 இல் 48. ஆகவே என் எல்லை 295 முதல் 310 வரை. 310 ஐத் தொட்டால் வறுப்பேன், 295 க்கு வந்ததும் அடுப்பை அணைத்துவிடுவேன். அதற்குக் கீழே போக விடுவதில்லை.

வறுக்கிறதில் ஒரு பாடம். முதல் தடவை அடுப்பைப் பெரிதாக வைத்தேன். மணிகள் பொரி பொரிவது போல ‘டப் டப்’ என்று வெடித்துத் துண்டு துண்டாயின. தூளைச் சலித்து எறிந்ததில் 30 கிராம் போயிற்று. அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, “அந்தத் தாச்சியில் இனி எனக்கு மிளகாய் வறுக்கக் கேட்காதே” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரி, அதற்கென்று பழைய தாச்சி ஒன்றை ஒதுக்கிவிட்டேன். இப்போது ஆகச் சிறிய தீயில், மரக்கரண்டியால் கிளறிக்கொண்டு, நாற்பது நிமிடம். ஆறியதும் உடனே மூடிய போத்தலுக்குள் போட வேண்டும். தட்டில் ஆறவைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால், இந்த ஊர்க் காற்று பாதியைத் திரும்ப ஏற்றிவிடும்.

தோல் பட்டிகள், தோல் உறை, பஞ்சுத் தடுப்புகள் எல்லாவற்றையும் பெட்டியிலிருந்து வெளியேற்றினேன். அவை உள்ளே இருந்தபோது மணியின் நிறை வாரத்துக்கு எட்டுக் கிராம் ஏறியது. வெளியேறிய பிறகு மூன்று. நனைந்து திரும்பிய கமராவை அன்றிரவே உள்ளே வைப்பதுமில்லை. கடற்கரையில் எடுத்த நாளில் முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். உப்புத் துகளின் மேல் நேரே உலர்துணியைப் போட்டுத் தேய்த்துத்தான் என் வடிகட்டிக் கண்ணாடி ஒன்று வட்டக் கீறல்களோடு கிடக்கிறது. பிறகு விசிறிக்கு முன்னால் இரண்டு மணித்தியாலம், அதன் பிறகே பெட்டி.

உப்புவெளி ஹோட்டல்களில் கல்யாணம் என்றால் இன்னொரு தொல்லை. குளிரூட்டிய அறையில் மணமகளை எடுத்துவிட்டு வெளியே ஓடினால் லென்ஸ் பால் போல வெளிறும். பெட்டிக்குள் நுழையாத ஈரம் அந்த நேரத்தில் லென்ஸுக்குள் நுழைகிறது. கமராவைப் பைக்குள் போட்டு, சிப்பை இழுத்து, இருபத்தைந்து நிமிடம் முன்னதாகவே வெளியே கொண்டுபோய் வைக்க ஓர் ஆளை இப்போது ஒழுங்கு செய்துவிடுகிறேன். தொடக்கத்தில் அந்த ஆளுக்கு அது வேலையாகவே படவில்லை.

2024 நவம்பர் கடைசி வாரத்தில், பின்னர் பெங்கல் என்று பெயர் பெற்ற புயல் தாழமுக்கமாக எங்கள் கரையை ஒட்டி நகர்ந்தபோதுதான் உண்மையான சோதனை. மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. வீட்டுச் சுவர் வியர்த்தது. அறையில் இரண்டாவது மானி 93 வரை போனது. பெட்டி நான்கு நாட்களில் 42 இலிருந்து 44 க்கு ஏறியது. அதற்கு மின்சாரமே தேவையில்லை என்பது அந்த நாட்களில் பெரிய ஆறுதல்.

குளிர்சாதனப் பெட்டிக்கும் தகட்டுக்கும் போனது 9,000 ரூபா. வேலை செய்த பெட்டிக்கும் மணிக்கும் 5,100 ரூபாவும் இரண்டு மானிகளுக்கு 1,800 உம். அடுத்த முறை லென்ஸ் திறந்தால் ஒவ்வொரு வில்லையின் விளிம்பிலும் பென்சிலால் வெளிப்பக்கத்துக்கு ஓர் அம்புக்குறி போடுவேன், ஒவ்வொரு படியையும் கைத்தொலைபேசியில் எடுப்பேன். கவராயத்துக்குப் பதிலாக இருமுனைச் சாவியே வாங்குவேன். பழைய லென்ஸ் எது வந்தாலும் அதன் உறையைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவேன்.

குளிர்சாதனப் பெட்டி விறாந்தையில் நிற்கிறது. முக்காலிகளைச் சாய்த்து வைக்க உதவுகிறது. விற்ற அண்ணை போகவர அதைப் பார்த்து, “தம்பி, இப்போது சூடு காணுமா?” என்று கேட்பார்.

இன்று காலை மணி 301 கிராம். மானி 37 காட்டியது, ஆறு கூட்டினால் 43.